மூங்கில் கடைக்கு வடக்கே ஒரு கிணறு

காவிரித் தண்ணீரை யார் எந்தப் பெயர் சொல்லிக் கொடுத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அதுதான் என் பிழைப்பு. அறுபதுகளின் தொடக்கம் அது. தில்லை நகரில் பாதி மனைகள் இன்னும் காலியாகக் கிடந்தன. அங்கே ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் கெமிஸ்ட். எந்தத் தெருக் குழாய் கலங்கினாலும், எந்த ஹோட்டல் கிணறு நாறினாலும், பாட்டில் என் மேஜைக்கு வரும். முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஆசிட்டும் கையுமாக நிற்பதை வேடிக்கை பார்க்க, முதல் வருஷம் சிலர் வேலையில்லாமலே மாடி ஏறி வந்தார்கள். சும்மா நிற்கிறீர்களே என்று கண்ணாடிக் குழாய்களைக் கழுவக் கொடுத்துவிடுவேன். அப்புறம் வரமாட்டார்கள்.

ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அவர் வேடிக்கை பார்க்க வரவில்லை.

"ஒரு அம்மா. நாப்பது வயசு இருக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிச்சுப்போய் மிளகு மிளகா முடிச்சு விழுந்திருக்கு. உடம்பெல்லாம் கறுப்பும் வெளுப்புமா புள்ளி, புழுதியில மழைத்துளி விழுந்த மாதிரி. விரல் நுனியில உணர்ச்சி குறைஞ்சிருக்கு. வீட்ல பெருவியாதி, அதான் குஷ்டம்னு, முடிவே கட்டிட்டாங்க" என்றார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அது இல்லைன்னு சோதிச்சுப் பார்த்துட்டேன். சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. எனக்கு இது பாஷாணம்னு தோணுது. ஆர்செனிக். அவங்க கிணத்துத் தண்ணியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

மீதியையும் அவரே சொன்னார். கோயிலுக்கு வடக்கே, கொள்ளிடம் போகிற பக்கத்துத் தெரு. ஆசாரமான வைணவக் குடும்பம். அந்த அம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டுப் பெருமாளுக்குத் தளிகை பண்ணியவர், அதாவது நைவேத்தியத்துக்குச் சமைத்தவர். பெருமாளுக்குக் காட்டிய பிறகு அதைத்தான் வீடே சாப்பிடும். கை இப்படி ஆனதும் அவரைச் சமையலறைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொல்லையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை, ஒரு பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. பங்குனி உற்சவம் முடிந்ததும் கும்பகோணத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வீட்டார் வரும்போது அம்மா கண்ணில் படக்கூடாது.

"வீட்ல மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன்.

"மத்தவங்க குழாய்த் தண்ணி குடிக்கறாங்க. இந்த அம்மா குடிக்கமாட்டாங்க. குழாய்க்குள்ள தோல் வாஷர் இருக்காம். மடிக்கு ஆகாது."

இது எனக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளில் குழாய் முற்றத்தில் இருக்கும், அதன் தண்ணீர் காபிக்கும் துணிக்கும் சரி. மாட்டுத் தோலைத் தொட்டு வந்த தண்ணீர் பெருமாள் தளிகைக்கு ஆகாது என்று கிணற்றில்தான் இறைப்பார்கள். அந்த வீட்டில் இந்த அம்மாள் அளவுக்கு மடி பார்த்தவர் யாரும் இல்லை. சமைப்பதும் கிணற்று நீர், நாள் முழுக்கக் குடிப்பதும் அதுவே. ஏகாதசியில் அதைத் தவிர வேறொன்றும் இறங்காது. சுத்தம் பார்த்தவருக்குக் கிடைத்த பலன் இது. எனக்குக் கோபமாக வந்தது.

சோதனை பாட்டிலை டாக்டரிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் நிரம்பி வந்தது. மூடியில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பாஷாணத்துக்கான சோதனை பார்ப்பதற்கு எளிமையானது. புட்டியில் தண்ணீரோடு ஆசிட்டும் துத்தநாகத் துண்டுகளும் போட்டால் வாயு கிளம்பும். அது வெளியே போகும் வழியில் மருந்து தோய்த்த வெள்ளைக் காகிதம் ஒன்று இருக்கும். பாஷாணம் இருந்தால் காகிதம் மஞ்சளாகும், நிறைய இருந்தால் பழுப்பாகும். என் காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் நான் எந்தத் தண்ணீரையும் ஒரே ஒரு சோதனையோடு விடுவதில்லை. சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பார்ப்பது என் வழக்கம். அந்தத் தெருக் கிணறுகள் எனக்குப் பழக்கம்தான். சோப்பைக் குடித்துவிட்டு நுரைக்காமல் சும்மா இருக்கும். இதுவோ கொஞ்சம் விட்டதுமே பொங்கிக்கொண்டு நுரைத்தது. உப்பும் சோதித்தேன். இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"இது கிணத்துத் தண்ணி இல்லைங்க" என்று மேலதிகாரியிடம் போய் நின்றேன்.

"பாட்டில்ல கிணறுன்னு எழுதியிருக்கேம்மா."

"எழுதியிருக்குங்க. உள்ள இருக்கறது காவிரி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னோடு வாதாட வேண்டாம் என்று அவர் முடிவு செய்கிறபோதெல்லாம் அப்படித்தான் செய்வார். "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

அதற்குள் காரியம் கெட்டிருந்தது. எங்கள் பியூன் ஸ்ரீரங்கத்துக்காரர். வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தவர், நல்ல செய்திதானே என்று அந்த வீட்டில் போய்த் தண்ணீரில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். தண்ணீரில் ஒன்றுமில்லை என்றால் வியாதி அம்மாளிடம்தானே இருக்கவேண்டும்? உற்சவம் முடிகிறவரை காத்திருக்கவும் அவர்களுக்கு மனமில்லை. வருகிற புதன்கிழமை ரயிலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

நான் டவுன் பஸ் பிடித்துப் போனேன். வீட்டுக்காரர், அந்த அம்மாளின் கணவர், கோர்ட்டில் வேலை பார்ப்பவர். மரியாதையான மனிதர், கூடத்தில் நாற்காலி போட்டார்.

"வாங்கோ, உக்காருங்கோ. அதான் ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுடுத்தே" என்றார்.

"காவிரியில ஒண்ணும் இல்லைதாங்க. உங்க கிணத்துல என்ன இருக்குன்னு இன்னும் பார்க்கலை. பாட்டிலை யாரு நிரப்பினது?"

உள்வாசலில் நின்றிருந்த பெண் தலைகுனிந்தாள். வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. மன்னியை, அதாவது அந்த அம்மாளை, ஒதுக்கிவைத்த பிறகு தளிகைப் பொறுப்பு அவளுடையது.

"நான்தான்" என்றாள். "சர்க்கார் ஆபீசுக்குப் போற ஜலம். ஆத்துப் பேர்னு ஒண்ணு இருக்கோல்லியோ? கிணத்து ஜலத்துல தூசி தும்பு இருந்தா என்ன நினைச்சுப்பா? அதான் பெருமாள் திருமஞ்சனத்துக்குக் கொண்டுவந்து வெச்சிருந்த காவேரியிலேர்ந்து ரொப்பினேன்."

எனக்கு முதலில் சுரீரென்று கோபம் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இருப்பதில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். திட்டுவதற்கு வாய் வரவில்லை. எழுந்து நின்று, "கிணறு எங்கங்க இருக்கு? நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

வீட்டுக்காரர் சங்கடப்பட்டார். "தப்பா நினைச்சுக்கப்படாது. கிணத்தண்டை வெளி மனுஷா போற வழக்கமில்லை. பெருமாளுக்கு எடுக்கற ஜலம்."

"அப்ப யாரு எடுத்துக் குடுப்பாங்க? போன தடவை மாதிரியா?"

சட்டப்படி நான் தண்ணீரைச் சோதிக்கலாம். சோதித்து முடிகிறவரை ஒரு வீட்டுக் கிணற்றை மூடச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. இன்று இல்லாவிட்டால் நாளை போலீஸோடு வரலாமா என்றுகூட யோசித்தேன், அவ்வளவு வீம்பு எனக்கு. அப்போது கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது.

"நான் எடுக்கறேன்."

அந்த அம்மாளை அப்போதுதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த நடை. கொல்லையில் துவைகல்லைத் தாண்டி நேராகக் கிணற்றடிக்குப் போனார். அந்தப் பக்கம் போய்ப் பல மாதங்கள் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் பதறிப்போய்க் கொல்லை வாசல் வரை ஓடினார்.

"நீ தொட்டுட்டா அப்புறம் ஆத்துல யாரும் அதைத் தளிகைக்கு எடுக்கமாட்டா."

"எடுக்க வேண்டாம். டாக்டர் சொல்றது நிஜமா இருந்தா அதானே நல்லது?" என்று சொல்லிக்கொண்டே ராட்டினக் கயிற்றைப் பிடித்தார். தடித்துப்போன அந்தக் கைகளில் கயிறு வழுக்கியது. கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தார். நான் பாட்டிலை நீட்டினேன், நிரப்பித் தந்தார். நான் கையிலெடுத்த அதிகாரம் அத்தனையும் சேர்ந்து செய்ய முடியாத வேலையை அவர் ஒரு வாளித் தண்ணீரில் செய்து முடித்துவிட்டார். அன்று மாலையிலிருந்தே அவர் குடிக்கவும் வீட்டுத் தளிகைக்கும் காவிரியிலிருந்து குடம் வந்தது.

அடுத்த வேலைநாளில் காகிதம் பழுப்பானது. மஞ்சளோடு நிற்கவில்லை, ஓரம்வரை பழுப்பு. துத்தநாகத்தில் கோளாறு இருக்குமோ என்று வெறும் தண்ணீர் வைத்தும் ஒரு தடவை பார்த்தேன். அது வெள்ளை. கிணற்று நீரை மறுபடி வைத்தேன். மறுபடி பழுப்பு.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அன்றே போனேன். புதன்கிழமைப் பயணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, தள்ளிப்போனது. ஏனென்றால் வீட்டுக்காரர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் வேலை பார்க்கிறவருக்கே உரிய கேள்வியைக் கேட்டார்.

"கிணத்துக்குள்ள பாஷாணம் எப்படி வந்தது? யார் போட்டா?"

கூடத்தில் இருந்த கண்கள் ஒவ்வொன்றாகக் கொல்லைப் பக்கம் திரும்பின. வியாதிக்காரி என்று ஒதுக்கிய மாதிரி, விஷம் வைத்தவள் என்றும் ஒதுக்கத் தயாராகிவிட்டார்கள். நான் அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னேன்.

"யாரும் போடலைங்க. எங்கேயிருந்து வந்ததுன்னு காட்டறேன். அதுவரைக்கும் அவங்க எங்கயும் போகக்கூடாது."

காட்டுகிறேன் என்று சொன்னேனே தவிர, எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்துகொண்டுவிடுவேன் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

அந்த வீட்டுக் கொல்லைச் சுவருக்குத் தெற்கே ஒரு மூங்கில் கடை. அதற்கு முன்னால் அங்கே வெளியூர் வியாபாரி ஒருவர் விவசாய மருந்து கலக்கும் கொட்டகை வைத்திருந்தாராம். களைக்கும் கரையானுக்கும் வாழைப் பூச்சிக்கும் பீப்பாய் பீப்பாயாக மருந்து வந்து, கலந்து, டின்னில் அடைத்துப் போகும். வியாபாரம் படுத்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூங்கில் கடைக்காரர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. சரக்கைக் காட்டிக்கொண்டே வந்தவர், சுவரோர மூலைக்கு வந்ததும் பெருமையாக நின்றார்.

"நல்ல மூங்கில் எல்லாத்தையும் இங்கதான் அடுக்குவேங்க. மத்த இடத்துல ஒரு மழைக்குக் கரையான் ஏறிடும். இந்த மூலைக்கு மட்டும் வராது. என்ன ராசியோ, வந்த நாளா ஒரு கரையான் பார்த்ததில்லை."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கீழே பார்த்தேன். பங்குனி வெயிலிலும் மற்ற இடங்களில் அருகம்புல் பசேலென்று இருந்தது, அந்த மூலையில் மட்டும் மண் மொட்டையாகக் கிடந்தது. மூங்கிலை நகர்த்தச் சொன்னேன். அடியில் உடைந்த செங்கல் தொட்டி ஒன்று. பீப்பாய் கழுவிய தண்ணீரையெல்லாம் அதில் ஊற்றியிருக்கிறார்கள். தொட்டிக்குத் தரையே இல்லை, மணலில்தான் போய் இறங்கியிருக்கிறது.

"உங்க ராசிக்குப் பேரு பாஷாணம்ங்க" என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அப்ப நல்ல மூங்கிலை எங்க அடுக்கறது?" என்று கேட்டார். முதலில் கையை நன்றாகக் கழுவச் சொன்னேன்.

பிறகு நடந்தது அலுப்பான வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை. தொட்டிக்குள்ளும் சுற்றிலும் தோண்டி, மேல் மண், நடு மண், அடி மணல் என்று தனித்தனி டப்பாவில் எடுத்தேன். தெருத்தெருவாகப் போய்க் கிணற்று நீர் வாங்கினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வீட்டிலும் என் கண்முன்னால் இறைக்கச் சொன்னேன். காவிரி உயரம், கொள்ளிடம் தாழ்வு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம் தீவில் பூமிக்கடியில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்காகத்தான் நகரும். நான் நினைத்தது சரியென்றால் கடைக்குத் தெற்கே இருக்கும் கிணறுகள் சுத்தமாக இருக்கவேண்டும், வடக்கே இருப்பவை கெட்டிருக்கவேண்டும்.

அப்படியேதான் இருந்தது. தெற்குக் கிணறுகளின் காகிதங்கள் வெள்ளை. வடக்கே முதல் கிணறு இந்த அம்மாளுடையது, பழுப்பு. அதற்கடுத்தது நல்ல மஞ்சள். அதற்கும் அப்பால் கொள்ளிடக்கரைப் பக்கம் லேசான மஞ்சள். தொட்டி மண்ணை நீரில் குலுக்கி வடிகட்டிச் சோதித்தபோது காகிதம் கறுக்கவே தொடங்கிவிட்டது. எல்லாக் காகிதங்களையும் ஓர் அட்டையில் தெற்கிலிருந்து வடக்காக வரிசையாக ஒட்டினேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றவில்லை. பார்த்ததும் கையெழுத்துப் போட்டார். வடக்கே இருந்த கிணறுகளை மூட உத்தரவு போனது. மண்ணை அள்ளி எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யாருக்கும் தெரியாமல், தொட்டியின் மேல் சிமெண்ட் பூசி மூடினார்கள். மூடினால் போதாது என்று நான் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போன அன்று டாக்டரும் கூட வந்தார். கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, காவிரி இங்கே, தொட்டி இங்கே, உங்கள் கிணறு இங்கே என்று விரலால் காட்டினேன். அந்த அம்மாள் கொல்லை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர், "அம்மாவுக்குத்தான் அதிகம். ஆனா தளிகை சாப்பிட்ட எல்லார் உடம்புக்குள்ளயும் கொஞ்சம் போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான், வீட்டுக்காரர் முதல் தம்பி மனைவி வரை ஒவ்வொருவராகத் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

"பெருமாளுக்கும் அதைத்தானே இத்தனை வருஷமா கண்டருளப் பண்ணினேன். அவருக்குப் பாஷாணமா குடுத்தேன்?"

இதற்கு டாக்டரிடம் மருந்தில்லை. என்னிடமும் காகிதம் இல்லை. பக்தி விஷயம் எனக்கு அவ்வளவாக வராது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

"அவர் கையையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கம்மா. புள்ளி ஏதாவது இருக்கா?"

வீட்டுக்காரர் திடுக்கிட்டார். அந்த அம்மாள் கண்ணீரோடேயே சிரித்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சிரித்தது அன்றுதான் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

தம்பி மனைவி மட்டும் இன்னும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஒட்டிக்காதுன்னு நீங்க எழுதித் தருவேளா?" என்று கேட்டாள்.

"எழுதித் தரமாட்டேன். சாப்பிட்டுக் காட்டறேன். எனக்குப் பசிக்குது. இவங்க சமைச்சு இவங்களே போடட்டும்."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். வந்தவள் பசி என்று சொன்ன பிறகு மறுத்துப் பேச அவருடைய வளர்ப்பு விடவில்லை. வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாளோ, "பெருமாளுக்கு ஆகாம நான் யாருக்கும் போடறதில்லை. கொஞ்சம் பொறுக்கணும்" என்று என்னிடமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ஈரம் சொட்ட மடி கட்டிக்கொண்டு, காவிரிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். யாரும் தடுக்கவில்லை. பெருமாள் சன்னிதியில் மணி அடிக்கிறவரை டாக்டரும் நானும் கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கும் டாக்டருக்கும் கூடத்தில் இலை போட்டார்கள். அந்த அம்மாள் சாதம் போட்டார். பிறகு சாத்துமது கொண்டுவந்தார், அந்த வீடுகளில் ரசத்துக்கு அதுதான் பெயர். அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய ஈயச்சொம்பு, ஆவி பறந்துகொண்டிருந்தது. கரித்துணி எதுவும் இல்லாமல் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, நிதானமாக என் இலைக்கருகே குனிந்தார். உணர்ச்சி குறைந்த கை. சுடுவது அவருக்குத் தெரியவில்லை.

நான் எழுவதற்குள் தம்பி மனைவி பாய்ந்து வந்து, முந்தானையால் சொம்பைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, மன்னியின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். சிவந்திருந்த உள்ளங்கையில் ஊதினாள்.

"என்ன மன்னி இது, இப்படிக் கொதிக்கறது, சுடலையா உங்களுக்கு?"

அந்த அம்மாள் தன்னைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்.

"சுட்டது தெரியலைடி. நீ தொட்டது தெரியறது."

அவள் கைகளை விடவில்லை. நான் குனிந்துகொண்டு சொம்பிலிருந்து நானே சாத்துமதை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.